காற்றாலைப் பெருக்கமும் மின்தொகுப்பின் உறுதியும்



2025 மார்ச்சில் நம் நாட்டுக் காற்றாலைகளின் மொத்த நிறுவுதிறன் 50,000 மெகாவாட்டை எட்டியது. இது பெருமைக்குரிய வளர்ச்சியாகும். ஆயினும், காற்றாலைகள் பெருகப் பெருக, அனல், புனல் மின் நிலையங்களின் பணி மாறி வருகிறது. இம்மாற்றத்தைக் கருத்தில் கொள்ளாத திட்டம் முழுமை பெறாது.

நமது மின்தொகுப்பின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். இதற்கேற்ப அனல் நிலையத்தின் பெரிய மின்னாக்கி நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்கிறது. எங்கேனும் ஒரு நிலையம் திடீரென நின்றுவிட்டால், ஏனைய நிலையங்களின் கனத்த எந்திரங்களில் தேங்கியுள்ள சுழற்சி ஆற்றலே முதல் சில விநாடிகளில் அக்குறையை ஈடு செய்கிறது. அதற்குள் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீராவியைக் கூட்டத் தொடங்குகின்றன.

புதிய வகைக் காற்றாலைகளோ மின்னணு மாற்றிகளின் வழியே தொகுப்புடன் இணைகின்றன. அவற்றின் சுழற்சி அலைவெண்ணுடன் நேராகப் பிணைக்கப்படவில்லை. எனவே அனல் எந்திரங்கள் விலகி அவ்விடத்தைக் காற்றாலைகள் நிரப்பும்போது, இடையூறு நேர்ந்தால் அலைவெண் சரியும் வேகம் கூடுகிறது.

இதன் விளைவைத் தெற்கு ஆஸ்திரேலியா கண்டது. 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தன. மின்னழுத்தம் அடுத்தடுத்துத் தாழவே, பல காற்றாலைகள் தம் பாதுகாப்பு ஏற்பாட்டின்படி உற்பத்தியைக் குறைத்தன. அண்டை மாநில இணைப்பு சுமை தாளாது துண்டிக்கப்பட்டது. அலைவெண் மிக விரைவாகச் சரிந்து, மாநிலமே இருளில் மூழ்கியது. அம்மாநிலம் காற்றாலைகளைக் கைவிடவில்லை. அவற்றின் பாதுகாப்பு ஏற்பாட்டைத் திருத்தியது. 2021ஆம் ஆண்டில், மின் உற்பத்திக்கென்றில்லாமல் தொகுப்பின் உறுதிக்காகவே சுழலும் நான்கு பெரும் எந்திரங்கள் அங்கு இயங்கத் தொடங்கின.

2013 டிசம்பர் 31 முதல் ஒரே அலைவெண்ணில் இயங்கும் பரந்த தேசியத் தொகுப்பு நமக்குப் பெரும் பலம். எனினும், தென்மேற்குப் பருவக் காற்று வலுக்கும் மாதங்களில் அனல் நிலையங்கள் உற்பத்தியைத் தாழ்த்தி, காற்று தணிந்ததும் உயர்த்த வேண்டியுள்ளது. அனல் நிலையங்கள் 55 விழுக்காடு வரையிலும், பின்னர் படிப்படியாக 40 விழுக்காடு வரையிலும் உற்பத்தியைத் தாழ்த்தி இயங்கும் திறன் பெற வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. இவ்வாறு ஏறி இறங்குவதால் கொதிகலன் குழாய்கள் தேய்கின்றன. ஒரு யூனிட்டுக்கான நிலக்கரிச் செலவும் கூடுகிறது.

ஆகவே, காற்றாலைத் திட்டங்களுடன் கடம்பாறை போன்ற நீரேற்றுப் புனல் நிலையங்களும், மின்கலச் சேமிப்பும், உறுதி தரும் எந்திரங்களும் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும். காற்று விலையின்றிக் கிடைக்கிறது. தொகுப்பின் உறுதிக்கு விலை உண்டு. அவ்விலையைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்ப்பது திட்டமிடுவோரின் கடமையாகும்.