தகரக் கூரையும் வெண்பூச்சும்

நண்பகலில் தகரக் கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு அதன் வெம்மையை விளக்க வேண்டுவதில்லை. பளபளக்கும் புதுத் தகரம் வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறதே. பின்னர் ஏன் இவ்வாறு கொதிக்கிறது?

வெயிலைத் திருப்புவது ஒரு குணம். ஏற்ற வெப்பத்தைக் கதிராக வெளியே வீசுவது மற்றொரு குணம். துத்தநாகம் பூசிய வெறுந் தகரத்துக்கு முதற்குணம் உண்டு. இரண்டாவது மிகச் சொற்பம். துருவும் தூசியும் ஏற, முதற்குணமும் குன்றிவிடும். நல்ல வெண்பூச்சுக்கோ இரண்டும் உண்டு. புதிதாக இருக்கையில் நூற்றுக்கு 80 பங்கு வெயிலைத் திருப்பும். ஏற்ற வெப்பத்தையும் வானை நோக்கி வீசிவிடும்.

இந்தியாவின் அகமதாபாத் நகரில், 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,300க்கு மேற்பட்டோர் கூடுதலாக மாண்டனர். அந்த இழப்பின் பின்னர், 2013இல் அந்நகரம் வெப்பத் தற்காப்புத் திட்டமொன்றை வகுத்தது. 2017இல் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெண்பூச்சிடும் பணியையும் தொடங்கியது.

குளிரூட்டும் பொறி வாங்க எல்லோராலும் இயலாது. தூரிகையும் ஒருநாள் உழைப்பும் பலருக்கு இயலும். பூசியபின் தூசியைக் கழுவிவர மறவாதீர்கள். அழுக்கேறிய வெண்மையின் பயன் குறைந்துவிடும்.