பட்டியலில் இல்லாத நாய்

(புதுச்சேரி பெரிய மார்க்கெட் வியாபாரி ஒருவர் நினைவாக அவருடைய பிள்ளைகள் நிறுவிய அறக்கட்டளையின் ஆண்டுச் சொற்பொழிவு, எழுத்து வடிவில்)



யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவரை நான் முதலில் பார்த்தது அவர் நாய்க்கடி வாங்கிய அன்றுதான். கால்நடை மருத்துவனாக நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கறிக்கடை வாசலில் கிடந்த ஒரு செவலை நாயைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டி ஏறிப் பின்னங்கால் முறிந்திருந்தது. நான் கட்டுப் போடும்போது அது அவர் புறங்கையைக் கடித்துவிட்டது. "வலியில கடிச்சிட்டுது டாக்டர், அது மேல தப்பில்ல" என்றார். ஆனால் ஊசியை விடவில்லை. அப்போது தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிதான். அந்த ஊசியை இந்தியா கைவிட்டதே 2004 இறுதியில்தான். தினமும் காலையில் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு, வலியோடு வந்து கடை திறந்தார். நாயை மன்னித்ததும் ஊசியைத் தவறவிடாததும் ஒரே மனிதர் என்பதை இந்த ஒரு மணி நேரமும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"எந்த இனத்து நாய் ஆபத்தானது?" என்ற தலைப்பை எனக்குக் கொடுத்தவர்கள் அவருடைய பிள்ளைகள். ஏன் கொடுத்தார்கள் என்பது புரிகிறது. 2022 ஜூலையில் லக்னோவில், ஓய்வுபெற்ற ஆசிரியையான 82 வயது மூதாட்டியை வீட்டில் வளர்த்த பிட்புல் கடித்தே கொன்றது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வெய்லர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறின. அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாய்க்கும் அன்று தூக்கம் வந்திருக்காது.

இந்த அச்சம் தடையாகவும் வந்தது. 2024 மார்ச் 12 அன்று ஒன்றிய கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. இருபத்துமூன்று வகை நாய்களை இறக்குமதி செய்யவும், இனப்பெருக்கம் செய்யவும், விற்கவும் கூடாது என்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலிலேயே அதை ரத்து செய்தது. சென்னைப் பூங்கா சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாடும் அதே தடையை அறிவித்து, உடனேயே திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்தப் பட்டியலை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் தோசா இனு என்று ஓர் இனம் இருக்கிறது. சற்றுத் தள்ளி ஜப்பானியத் தோசா என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாய். இனு என்றால் ஜப்பானிய மொழியில் நாய், அவ்வளவுதான். இன்னோரிடத்தில் பொத்தாம் பொதுவாக 'டெரியர்' என்றிருக்கிறது. மடியில் வைத்துக் கொஞ்சுகிற மூன்று கிலோ யார்க்‌ஷயர் டெரியரும் அதில் அடங்கிவிடும். துருக்கியில் ஓநாயிடமிருந்து ஆட்டு மந்தையைக் காக்கும் கங்காலும் உண்டு. மக்கள் உயிரைக் காக்க எழுதும் பட்டியலை ஒரு கால்நடை மருத்துவர் ஒரே ஒருமுறை கவனமாக வாசித்துப் பார்த்திருந்தால்கூட இப்படி வந்திருக்காது. அது எனக்கு வருத்தம்.

அதற்காக, இனத்துக்கும் ஆபத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. நாய்ப் பிரியர்கள் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. இங்கிலாந்தில் காளைகளோடு நாய்களை மோதவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். 1835-இல் அதைச் சட்டம் தடுத்தது. அதன்பின் நாயை நாயோடு மோதவிடுவது பெருகியது. புல்டாக்கின் வலிமையும் டெரியரின் வேகமும் சேரும்படி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த வம்சம்தான் பிட்புல். பிடித்ததை விடாத குணம் அந்தப் பொறுக்கலில் வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் 1979 முதல் 1998 வரை நாய் கடித்து இறந்த 238 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட சாவுகளில் பிட்புல் வகையும் ராட்வெய்லரும் இருந்தன. அதே ஆய்வில், ஆளைக் கொன்ற இனங்கள் குறைந்தது இருபத்தைந்து இருந்தன. இனத்தை மட்டும் வைத்துச் சட்டம் போடுவது சரிவராது என்று அவர்களே எச்சரித்தார்கள்.

இதை நான் நோயாளிகளின் வீட்டாருக்கு இப்படிச் சொல்வது வழக்கம். ஒரு நாய் கடிக்குமா கடிக்காதா என்பதை அதன் இனத்தை வைத்துச் சொல்ல முடியாது. கடித்தால் எவ்வளவு சேதம் என்பதை அதன் எடையையும் தாடையையும் வைத்துச் சொல்லலாம். 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை உரிமையாளர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவோடு ஒப்பிட்டது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு ஒன்பது சதவீத அளவுதான் என்று கண்டது. மீதியெல்லாம் தனி நாயின் பிறவி, வளர்ப்பு, வயது, பட்ட அனுபவம். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம்வரை மனிதரோடும் சத்தத்தோடும் பழக வேண்டிய காலம். அந்தக் காலத்தில் கூண்டில் அடைபட்டுக் கிடந்த குட்டிக்குப் பிறகு உலகமே எதிரிதான். குட்டி வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், சான்றிதழைக் கேட்கிறோம். இந்தப் பதினோரு வாரத்தை யார் கேட்கிறார்கள்?

2000 முதல் 2009 வரை அமெரிக்காவில் நடந்த 256 சாவுகளை இன்னொரு குழு ஆராய்ந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் அந்த நாய்க்குப் பழக்கமில்லாதவர்கள். பெரும்பாலான சம்பவங்களில் தடுக்கும் வலுவுள்ள ஆள் பக்கத்தில் இல்லை. நாய்கள் பெரும்பாலும் கருத்தடை செய்யப்படாதவை, வீட்டாரோடு ஒட்டாமல் தனியே கட்டி வைக்கப்பட்டவை. இதைவிட என்னை உறுத்தியது வேறு. அந்த 256-இல் நாயின் இனத்தை உறுதியாகச் சொல்ல முடிந்தது 45 சம்பவங்களில் மட்டும். பல நேரங்களில் அகலமான தலையைப் பார்த்ததும் பிட்புல் என்று எழுதிவிடுகிறார்கள். நம் ஊரிலும், கூர்ங்காது கொண்ட எந்தக் கலப்பு நாயையும் அல்சேஷன் என்றுதான் சொல்கிறோம்.

பிரான்சு என்ன செய்தது என்பதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். இந்த அரங்கில் பாதிப் பேருக்கு அங்கே பிள்ளையோ மருமகனோ இருக்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா குடும்பத்துப் பெரியவர்களும் வந்திருக்கிறார்கள். 1999 ஜனவரி 6 அன்று போட்ட சட்டம் நாய்களை இரண்டு வகையாகப் பிரித்தது. முதல் வகை தாக்குதல் நாய்கள். சான்றிதழ் இல்லாத பிட்புல் வகையெல்லாம் இதில் வரும். கருத்தடை கட்டாயம், வாங்கவோ விற்கவோ கூடாது, பேருந்திலும் ரயிலிலும் ஏற்றக் கூடாது. இரண்டாம் வகை காவல் நாய்கள். ராட்வெய்லர் இதில் வரும். வைத்துக்கொள்ளலாம், தெருவில் வாய்மூடியும் கயிறும் இல்லாமல் அழைத்து வரக் கூடாது. இதுவரை பட்டியல்தான். 2008-இல் இன்னொரு சட்டம் வந்தது. நாயை வைத்திருப்பவர் ஒருநாள் பயிற்சிக்குப் போய்ச் சான்று வாங்க வேண்டும், நாயின் நடத்தையைக் கால்நடை மருத்துவர் சோதிக்க வேண்டும், இரண்டையும் மேரியில் காட்டி அனுமதி பெற வேண்டும். கடற்கரையில் நம் நகராட்சியின் மேரிக் கட்டடம் இடிந்து விழுந்ததையும் மறுபடி எழுந்ததையும் பார்த்த நமக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. இத்தாலி இனப் பட்டியலையே 2009-இல் கைவிட்டு, நாய்க்குப் பொறுப்பு அதை வைத்திருப்பவருடையது என்று எழுதியது. நம் ஊர்களுக்கு வேண்டியது பிரான்சின் இரண்டாவது சட்டம் என்பது என் கருத்து. எழுபது கிலோ நாயை வாங்குகிறவருக்கு அதை இழுத்துப் பிடிக்கத் தெரியுமா என்று கேட்க நகராட்சிக்கு உரிமை வேண்டும்.

இப்போது இந்த மார்க்கெட்டுக்கு வருகிறேன். விடியற்காலையில் கூடையை இறக்குகிற அம்மாவின் காலைச் சுற்றி வருகிற நாய் எந்த இனம்? கறிக்கழிவுக்காகக் கூட்டமாகச் சண்டை போடுகிற நாய் எந்த இனம்? மத்திய அரசின் பட்டியலிலும் அதற்குப் பெயர் இல்லை, பிரெஞ்சுப் பட்டியலிலும் இல்லை. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று நம் மண்ணின் பெருமைமிக்க பெயர்களிலும் அது இல்லை. பதினைந்து கிலோ நாட்டு நாய். தாடையில் பெரிய வலு கிடையாது. ஆனால் இந்தியாவில் நாயால் சாகிற மனிதர்களில் மிகப் பெரும்பாலோர் சாவது அதன் பல்லால் அல்ல, எச்சிலால். 2024-இல் மட்டும் 37 லட்சத்துக்கு மேல் நாய்க்கடிகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். ரேபிஸால் ஆண்டுக்கு 5,700 பேர் சாகிறார்கள் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு அதைவிட மூன்று மடங்குக்கு மேல். எந்தக் கணக்கை எடுத்தாலும் பிட்புல் கொன்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், இவர்களை எண்ண முடியாது.

நான் பார்த்த ஒரு சாவைச் சொல்கிறேன். கடித்தது ஒன்றரை மாதக் குட்டி. பால்பல். பையன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு விளையாடியவன். விரலில் ஒரு கீறல். பாட்டி அதில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார். அன்போடுதான் கட்டினார். குட்டி நான்கு நாளில் செத்தது, யாரும் பெரிதாக எண்ணவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பையனுக்குத் தண்ணீர் விழுங்க முடியவில்லை. என்னிடம் அவர்கள் வந்தது குட்டி எந்த ஜாதி என்று கேட்க. "நல்ல ஜாதிக் குட்டிதானே டாக்டர், அதுக்கு எப்படி வரும்?" என்று அந்தத் தகப்பன் கேட்ட குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்குப் பிறகு இனம் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வரும்.

நாயைப் பிடித்து ஊருக்கு வெளியே விட்டால் தீருமா என்று வியாபாரிகள் கேட்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே முதலில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினொரு நாளில் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அந்தந்த இடத்திலேயே விடச் சொன்னது, ரேபிஸ் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றச் சொன்னது. வாதம் அதன்பிறகும் நீண்டது. அறிவியல் சொல்வது இது: கழிவு கிடக்கும்வரை ஒரு கூட்டத்தை அகற்றினால் இன்னொரு கூட்டம் வரும், புதிதாக வருவதற்குத் தடுப்பூசி இருக்காது. நம்மைப் போலவே வேறொரு ஐரோப்பியக் கொடியின் கீழ் இருந்த கோவாவைப் பாருங்கள். வலையோடு தெருத்தெருவாகப் போய், ஆண்டுதோறும் பத்தில் ஏழு நாய்க்கு ஊசி போடுவதை இலக்காக வைத்தார்கள். 2018-இலிருந்து சில ஆண்டுகள் அங்கே ரேபிஸால் ஒரு மனிதர்கூடச் சாகவில்லை. நம் ஊர் கோவாவைவிடச் சிறியது. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள்.

பத்தில் ஏழு நாய்க்கு ஊசி விழும்வரை இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மீன்கடைப் பக்கம் ஒரு குழாய், பக்கத்தில் கயிற்றில் கட்டிய ஒரு சோப்புக்கட்டி, மேலே ஒரு பலகை. அறக்கட்டளை இந்த ஆண்டுப் பணத்தில் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பலகையில் இதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், குட்டியானாலும், வீட்டு நாயானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய், சுண்ணாம்பு, காப்பித்தூள் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் மறுபடி ஊசி. ஊசி இப்போது கையில்தான், வயிற்றில் இல்லை.