தலைமடையும் கடைமடையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



அண்டை நாடுகள் தமக்குள் ஒத்துழைப்பது எங்ஙனம் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நமது காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். விஷயமோ பெரிது, நேரமோ சிறிது. ஆகையால் உலக தேசங்களையெல்லாம் சுற்றி வராமல், ஐரோப்பாவிலுள்ள ரைன் என்னும் ஒரே நதியின் கரைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஒரு வாய்க்காலிலே தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் உண்டாகும் வழக்குகளை நம்மில் அறியாதவர் இலர். அவ்வழக்கு தேசங்களுக்குள்ளே நேர்ந்தால் என்னாகும் என்பதை அந்நதி நன்கு விளக்கும்.

ரைன் நதி ஸ்விட்ஜர்லாந்து தேசத்து ஆல்ப்ஸ் மலையில் உற்பத்தியாகி, ஏறக்குறைய 1,230 கிலோமீட்டர் தூரம் ஓடி, ஹாலந்து தேசத்தில் கடலோடு கலக்கிறது. இடையே ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகளின் எல்லைகளைத் தொட்டுச் செல்கிறது. முற்காலத்தில் அதன் கரையிலிருந்த சிற்றரசரும் பிரபுக்களும் கோட்டை கட்டிக்கொண்டு, வரும் படகுகளை நிறுத்திச் சுங்கம் வாங்கிவந்தனர். வியாபாரிகள் அடைந்த தொல்லைக்கு அளவில்லை. 1815ஆம் வருஷத்து வியன்னா மகாநாட்டில், அந்நதியில் கப்பல் போக்குவரத்து தடையின்றி நடைபெற வேண்டுமென்றும், அதனைக் கவனிக்கக் கரை நாடுகளின் பிரதிநிதிகள் அடங்கிய ஒரு கமிஷன் வேண்டுமென்றும் தீர்மானித்தார்கள். அக்கமிஷன் 1816இல் மெயின்ஸ் நகரில் முதன்முதல் கூடிற்று. 1868ஆம் வருஷத்து மான்ஹைம் உடன்படிக்கையால் போக்குவரத்துச் சுங்கம் அறவே ஒழிந்தது.

இதன் பின்னர் பிரான்ஸும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 ஆகிய வருஷங்களில் மும்முறை யுத்தம் தொடங்கின. அந்நதிக்கரையிலே சிந்திய இரத்தத்துக்குக் கணக்கில்லை. ஆயினும் யுத்தம் ஓய்ந்தபின் கமிஷன் திரும்பவும் தன் வேலையைத் தொடங்கிற்று. இன்றும் அது ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நடைபெற்று வருகிறது. அன்பு பிறந்த பின்புதான் ஒத்துழைப்பு வரும் என்று காத்திருந்தால் அது என்றைக்கும் வந்திராது. அன்றாடக் காரியமே பகைவரையும் ஒரு மேஜையில் உட்காரவைத்தது.

கப்பல் வழக்கு தீர்ந்தது. தண்ணீர் வழக்கு பிறந்தது. பிரான்ஸைச் சேர்ந்த அல்ஸாஸ் பிரதேசத்துப் பொட்டாஷ் சுரங்கங்களிலிருந்து உப்புக் கழிவு நதியில் விடப்பட்டது. கடைமடையிலுள்ள ஹாலந்து மக்களோ அந்நீரைக் குடித்தும், தோட்டங்களுக்குப் பாய்ச்சியும் ஜீவித்தவர்கள். நதியின் அசுத்தத்தைக் குறித்து அவர்கள் முறையிட்டதன் பயனாக, 1950இல் பாஸல் நகரில் ஐந்து தேசங்கள் கூடி வேறொரு கமிஷனை ஏற்படுத்தின. நீரைச் சோதித்துக் கணக்கெழுதுவதே முதற்காலத்தில் அதன் முக்கிய வேலை. இது அற்பமென்று எண்ணவேண்டாம். ஒவ்வொரு தேசமும் தன் தன் அளவுகோலால் அளக்குமாயின் வழக்குக்கு முடிவேது? எல்லோரும் ஒப்பும் கணக்கே சமாதானத்துக்கு முதற்படி.

1976இல் உப்பைக் குறைப்பதற்கு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. செலவிலே பிரான்ஸும் ஜெர்மனியும் நூற்றுக்கு 30 வீதமும், ஸ்விட்ஜர்லாந்து 6 வீதமும், ஹாலந்து 34 வீதமும் ஏற்பதென்று பங்கிட்டார்கள். தீங்கை அநுபவித்தவனே எல்லோரிலும் அதிகப் பங்கு கொடுப்பதா? இது தருமமா என்று நீங்கள் கேட்கலாம். கெடுத்தவனே கொடுக்கவேண்டும் என்பதுதான் நியாயம். ஆனால் நியாயம் தீரும்வரை குழந்தைகள் உப்புநீரைக் குடித்துக்கொண்டிருக்க முடியாது. ஹாலந்துக்காரர் பணத்தைக் கொடுக்க இசைந்தனரேயன்றித் தம் உரிமையை விட்டுவிடவில்லை. அந்நாட்டுத் தோட்டக்காரர் தொடுத்த வழக்கில், தீங்கு உண்டான இடத்திலோ, தீங்கை உணர்ந்த இடத்திலோ, வாதி தாம் விரும்பும் நீதிமன்றத்தில் பிராது செய்யலாமென்று அதே 1976இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணங்கிப்போவதும் உரிமை கேட்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கையெழுத்தானவுடன் காரியம் முடியவில்லை. உப்பைப் பூமிக்குள் செலுத்தும் திட்டத்தால் தங்கள் நிலத்தடி நீர் கெடுமென்று அல்ஸாஸ் ஜனங்கள் அஞ்சி எதிர்த்தனர். பிரான்ஸ் அவ்வுடன்படிக்கையை உறுதிசெய்ய 1985 ஆயிற்று. அவர்களுடைய அச்சமும் நியாயமானதே. மந்திரிகள் தலைநகரில் கைகுலுக்கினால் மட்டும் போதாது. கரையில் வசிக்கும் குடிகளின் மனமும் இசைய வேண்டும்.

1986ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி பாஸல் நகருக்கருகே ஓர் இரசாயனக் கிடங்கு தீப்பற்றிற்று. அணைக்க ஊற்றிய நீர் பூச்சிமருந்துகளைச் சுமந்துகொண்டு நதியில் விழுந்தது. விலாங்கு மீன்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மறு வருஷமே கரை நாடுகள் கூடி, 2000ஆம் வருஷத்துக்குள் சால்மன் மீன் திரும்பிவரும்படி நதியைச் சுத்தம் செய்வதென்று தீர்மானித்தன. வார்த்தை வீண்போகவில்லை, 1990ஆம் வருஷம் முதலே சால்மன் திரும்ப வரலாயிற்று. முப்பத்தாறு வருஷம் சேர்ந்து கணக்கெழுதிய பழக்கம் இல்லாதிருந்தால், ஒரு வருஷத்தில் இத்தகைய தீர்மானம் செய்திருக்க இயலுமா? இருப்பினும் குறை முற்றும் நீங்கிவிடவில்லை. இடையிலுள்ள அணைகளால், அம்மீன் தாராளமாகப் பாஸல் வரை ஏறிச்செல்லும் நாள் இன்னும் வரவில்லை.

சகோதரர்களே, நமது கிராமங்களில் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. ஒருவரோடொருவர் பேசாத பங்காளிகளும் அன்று மண்வெட்டியுடன் வாய்க்காலுக்கு வருவார்கள். தூர் எடுத்தால்தான் இருவர் வயலிலும் பயிர் நிற்கும் என்பது இருவருக்கும் தெரியும். தேசங்களின் ஒத்துழைப்பும் இத்தன்மையதே. பொதுக் கணக்கு, இடையறாது கூடும் சபை, செலவில் பங்கு, குடிகளின் இசைவு ஆகிய இந்நான்கும் உள்ள இடத்தில், அண்டை வீட்டாரை நேசிக்க இயலாதவரும் அவரோடு வாழ இயலும். இவற்றுள் ஒன்று குறையினும் எவ்வளவு அழகிய உடன்படிக்கையும் காகிதமாகவே கிடக்கும்.

நம் பிள்ளைகள் சரித்திரம் படிக்கும்போது யுத்தங்களின் வருஷங்களை மனப்பாடம் செய்கிறார்கள். 1815, 1868, 1950 என்னும் இவ்வருஷங்களையும் அவர்களுக்குச் சொல்லிவைப்பது பெற்றோர் கடமை என்பது எனது அபிப்பிராயம்.