பத்திரத்தில் இல்லாத பெயர்

(சபை ஆண்டு விழாவின் குடும்பக் கூடுகையில் பேசியது)



"குடும்பமும் சுதந்தரமும்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். பிள்ளைகளே, தமிழ்ப் பள்ளியில் சுதந்திரம் என்றால் விடுதலை என்று படித்திருப்பீர்கள். நம் வேதாகமத்தில் வருகிற "சுதந்தரம்" வேறு. தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேருகிற சொத்துக்கு அந்தப் பெயர். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் வக்கீல் இல்லை, நர்ஸ். வேலூரில் படித்து, இங்கிலாந்தில் மேற்பயிற்சி முடித்து, 2009 முதல் சிட்னியில் வேலை செய்கிறேன். பத்திரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தால் தெரிந்துகொண்டதுதான்.

2021இல் என் அம்மா நாகர்கோவிலில் இறந்தார்கள். அப்பா முன்பே போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. ஆஸ்திரேலியாவின் எல்லை மூடியிருந்த நேரம் அது. அடக்க ஆராதனையை நான் போனில்தான் பார்த்தேன். அந்த வேதனை இங்கே பலருக்குத் தெரியும்.

அடுத்த வருடம் மாமா கூப்பிட்டார். "மக்களே, தக்கலைப் பக்கத்து விளைய விக்கப் போறோம். வாங்குகவரோட வக்கீல் உனக்க கையெழுத்தும் வேணும்னு சொல்லுகாரு. பெரிய காரியம் ஒண்ணும் இல்ல" என்றார். விளை என்றால் எங்கள் ஊரில் தோட்ட நிலம். 48 சென்ட் இடம், ஓர் ஓட்டு வீடு, கொஞ்சம் தென்னை, ஒரு அயனி மரம். என் அம்மா பிறந்து வளர்ந்த இடம்.

கேட்டது விடுதலைப் பத்திரம். "இந்தச் சொத்தில் எனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதித் தருவது. அதற்காகச் சிட்னி இந்தியத் தூதரகத்தில் ஒரு பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நாள் குறித்துவிட்டேன். முந்தின இரவு வார்டில் ஒரு நோயாளிக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். பத்து வருடம் பழகின நோயாளியாக இருந்தாலும் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, கைப்பட்டையைப் பார்த்து, அதன் பிறகுதான் கொடுப்போம். அப்போது எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு மாத்திரைக்கு இவ்வளவு பார்க்கிறவள், வாசிக்காத பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறேனே! எனக்கு உரிமையே இல்லை என்றால், அதை விட்டுக்கொடுக்க என் கையெழுத்து எதற்கு?

தூதரகத்துக்குப் போகவில்லை. பத்திரங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மாமா மகள் அனுப்பினாள்.

இரண்டு பத்திரங்கள் வந்தன. முதலாவது, என் பாட்டா, அதாவது அம்மாவின் தகப்பனார், அந்த நிலத்தை வாங்கிய கிரயப் பத்திரம். எழுத்து முழுவதும் மலையாளம். வருடம் 1112 என்றிருந்தது. என் மகன் பார்த்துவிட்டு, "அம்மா, இது சோழர் காலத்துப் பத்திரமா?" என்று கேட்டான். அது கொல்லம் ஆண்டு. கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொல்லம் ஆண்டு நம் ஆவணி மாதத்தில் பிறக்கும். அதனால் ஆவணி முதல் டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரிக்குப் பிறகு 825ஐயும் கூட்டினால் ஆங்கில வருடம் வரும். பத்திரத்தின் மாதம் மகரம், அதாவது தை. ஆகவே 1937.

என்னோடு வேலை செய்கிற கோட்டயத்துச் சகோதரி ஒருவர் தேநீர் இடைவேளையில் அதை வாசித்துச் சொன்னார். நான்கு எல்லையும், கொடுத்த பணமும், சாட்சிகளும் தெளிவாக இருந்தன.

இரண்டாவது 1968இல் தமிழில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். பாட்டா உயில் எழுதாமல் இறந்துபோனார். அவருடைய இரண்டு மகன்களும் நிலத்தை 24 சென்ட் வீதம் பிரித்துக்கொண்டார்கள். பாட்டிக்கு ஆயுள் வரை அனுபவம் மட்டும். இளைய சகோதரிக்குக் கல்யாணத்தின்போது ஸ்திரீதனம் கொடுப்பது. "மூத்த சகோதரியை" இளைய மகன் வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது. இளைய சகோதரிதான் என் அம்மா. மூத்தவர் என் பெரியம்மா. கல்யாணம் ஆகாதவர். அந்த வீட்டிலேயே இருந்து, பாட்டியைக் கடைசி வரை பார்த்தவர். அவருடைய பெயர்கூட அந்தப் பத்திரத்தில் இல்லை. இப்போது 80 வயதில், விற்கப் போகிற அதே வீட்டில் இருந்தார்.

அந்தச் சகோதரி பத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு மேரி ராயைத் தெரியாதா?" என்று கேட்டார்.

மேரி ராய் கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர். எழுத்தாளர் அருந்ததி ராயின் தாயார். 2022இல் காலமானார். திருவிதாங்கூரில் 1916இல் கிறிஸ்தவர்களுக்காக ஒரு வாரிசுரிமைச் சட்டம் போட்டிருந்தார்கள். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் நிலம் மகன்களுக்கு. மகளுக்கு, மகன் பங்கின் மதிப்பில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மட்டும். ஸ்திரீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் இல்லை. விதவைக்கு, சாகும் வரை அல்லது மறுமணம் செய்யும் வரை அனுபவிக்கிற உரிமை மட்டும். எங்கள் வீட்டு 1968 பத்திரம் இந்தச் சட்டத்தை அப்படியே நடையில் காட்டுகிறது.

மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. திருவிதாங்கூர் சட்டம் 1951 ஏப்ரல் 1ஆம் தேதியே நீங்கிவிட்டது, அன்று முதல் 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்றார்கள் நீதிபதிகள். அந்தச் சட்டத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு, மகன் மகள் என்ற வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. 1951இல் குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால் இது எங்களுக்கும் பொருந்தும்.

அப்படியானால் எல்லாம் ஒரே ஒரு தேதியில் நிற்கிறது. பாட்டா இறந்தது 1951 ஏப்ரலுக்கு முன்பா, பின்பா?

வீட்டில் யாருக்கும் வருடம் தெரியவில்லை. இறப்புச் சான்றிதழும் இல்லை. 2023 ஜனவரியில் ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் கேட்டேன். "ஜில்லா தமிழ்நாட்டோட சேந்த பொறவுதான். எனக்கு அப்ப 16 வயசு" என்றார். ஊர்ச் சபையின் அடக்கப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டேன். ஓரம் கிழிந்த பக்கம். ஆனாலும் பாட்டாவின் பெயர், வயது, தேதி எல்லாம் இருந்தன. 1958. ஒரு சபைக் குருவானவரோ உபதேசியாரோ அன்று சோம்பல் படாமல் எழுதி வைத்த ஒரு வரி, 65 வருடம் கழித்து எங்களுக்கு உதவியது. நம் சபையில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று பதிவு எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்தேன். உங்கள் வேலை சிறிய வேலை அல்ல.

பிள்ளைகளே, இப்போது ஒரு கணக்கு. பாட்டா இறந்தபோது 48 சென்ட். பாட்டிக்கு மூன்றில் ஒன்று, 16 சென்ட். மீதி 32ஐ நாலு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 8. பிறகு 1981இல் பாட்டி உயில் இல்லாமல் இறந்தபோது, அந்த 16 சென்ட் நாலு பேருக்கும் ஆளுக்கு 4. எட்டும் நாலும்? ஆம், 12. பெரியம்மாவுக்கு 12 சென்ட். என் அம்மாவுக்கு 12 சென்ட். இரண்டு பேரும் அது தெரியாமலே வாழ்ந்தார்கள்.

மாமாவிடம் இதைச் சொன்னது என் வாழ்க்கையில் கஷ்டமான பேச்சு. "ஆஸ்திரேலியாவுல வீடு வாங்கி இருக்கிய. இந்த 12 சென்ட் உனக்கு எதுக்கு?" என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. அக்காவை 50 வருடத்துக்கு மேல் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர். 1968இல் எல்லாரும் சட்டம் என்று நம்பியதைத்தான் செய்தார். "எனக்கு வேண்டாம் மாமா. வீட்டை வித்தா பெரியம்மா எங்க போவாங்க?" என்று கேட்டேன். "என் மகன் வீட்டுக்கு வருவா" என்றார். பெரியம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

ஒரு வக்கீலைப் பார்த்தோம். வழக்குப் போனால் இவ்வளவு வருடம் ஏன் கேட்கவில்லை என்று எதிர்வாதம் வரும், முடிய வெகுகாலம் ஆகும், பேசி முடிப்பது நல்லது என்றார். அன்று இரவு ஜெபத்தில் மாமாவே எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தார். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கு முன்பாக நின்று, தங்கள் தகப்பனுடைய சுதந்தரத்தில் பங்கு கேட்கிற பகுதி. அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொல்கிறார். அந்த ஐந்து பேருடைய பெயரும் அங்கே எழுதியிருக்கிறது. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். வாசித்து முடித்து மாமா வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடிவில் எல்லா வாரிசுகளும் சேர்ந்து புதிய பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினோம். வீடும் அதைச் சுற்றிய 12 சென்டும் பெரியம்மா பெயருக்கு. என் அம்மாவின் பங்கை நான் மாமாவுக்கு விட்டுக்கொடுத்தேன். பெரியம்மாவை இத்தனை வருடம் காப்பாற்றியவர் என்பதால் அது என் முடிவு. இன்னொரு வீட்டில் பங்கைக் கேட்டு வாங்குவதே நியாயமாக இருக்கலாம். கேட்பது பாவம் அல்ல. சிட்னி தூதரகத்துக்கு மறுபடி போய், இந்த முறை ஒவ்வொரு வரியும் வாசித்துவிட்டுப் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பெரிய மாமாவின் மகன் ஒருவர் என்னோடு இன்னும் பேசுவதில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்காக ஜெபிக்கிறேன்.

உங்கள் வீடுகளுக்கு நான் கற்றுக்கொண்ட சில காரியங்களைச் சொல்கிறேன்.

ஊரில் உள்ள நிலத்துக்குத் தாய்ப்பத்திரத்தைத் தேடுங்கள். இன்று கையில் இருக்கிற பத்திரம் எந்தப் பத்திரத்திலிருந்து வந்தது, அது எதிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கினால், பதிவான விற்பனையும் அடமானமும் தெரியும். பதிவாகாத உயிலோ வாய்ப்பேச்சோ அதில் வராது. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அதில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். சர்வே எண் மாறியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டையும் குறித்து வையுங்கள்.

இந்த நாட்டில் முறை வேறு. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறைப்படி, அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். பத்திரச் சங்கிலியைத் தேட வேண்டியதில்லை. நியூ சவுத் வேல்ஸில் 2021 அக்டோபர் 11 முதல் காகித உரிமைச் சான்றிதழே கிடையாது. அதனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தகரப்பெட்டிக் காகிதங்கள் குப்பையாகத் தோன்றும். அவை குப்பை அல்ல என்று சொல்லிக்கொடுங்கள். இந்தியாவிலுள்ள நிலத்துக்கு இந்தியச் சட்டமே செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். உயில் எழுதுங்கள். அதில் மகள்களின் பெயரை எழுதுங்கள்.

எரேமியா 32ஆம் அதிகாரத்தில் எருசலேம் முற்றுகையில் இருக்கிறது. அந்த நேரத்தில் எரேமியா ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கும்படி பாருக்கிடம் சொல்கிறார். பின்னால் வருகிறவர்களுக்காக அது அநேக நாள் இருக்க வேண்டும். நம் வீடுகளில் மண்பாண்டம் இல்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது அதைத் திறந்து, பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கும்போது, யார் பெயர் இல்லை என்றும் பாருங்கள்.

பதிவு முடிந்த அன்று மாமா மகள் வீடியோவில் கூப்பிட்டாள். பெரியம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல எனக்க பேரு எங்க இருக்கு, காட்டு" என்றார். அவள் காட்டினாள். பெரியம்மா விரலை வைத்து எழுத்துக்கூட்டித் தன் பெயரை வாசித்தார். பிறகு பத்திரத்தை மடித்து, வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

கர்த்தர் உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக.