இறந்தவர் கேட்கும் படையல்

பண்டைய உரோமர் பெப்ரவரி 13 முதல் 21 வரை இறந்த பெற்றோரையும் முன்னோரையும் வழிபட்டனர். ‘பேரன்தாலியா’ என்பது அதன் பெயர். அந்நாட்களில் கோயில்கள் அடைக்கப்படும், திருமணம் நடவாது. ஊருக்கு வெளியே, வீதியோரக் கல்லறைகளில் வைத்த படையலைக் கவிஞர் ஒவிட் தமது ‘பாஸ்தி’ நூலிலே கூறுகிறார்: மாலை, சிறிது தானியம், உப்பு, மதுவில் நனைத்த ரொட்டி, சில ஊதாப் பூக்கள். உடைந்த ஓட்டில் வைத்தாலும் போதுமாம். விலையுயர்ந்த படையலிலும் அன்பே அவர்களுக்கு உவப்பு என்கிறார்.

மே 9, 11, 13 ஆகிய இரவுகள் வேறுவிதம். நள்ளிரவில் வீட்டுத் தலைவன் வெறுங்காலோடு எழுந்து, கைகழுவி, கறுத்த அவரை விதைகளை முகந்திருப்பியவாறே எறிவான். தன்னையும் தன்னவரையும் அவற்றால் மீட்பதாக ஒன்பது முறை சொல்வான். திரும்பிப் பார்த்தலாகாது. பின்பு வெண்கலம் தட்டி, முன்னோரின் ஆவிகளை வெளியேறச் சொல்வான். அன்பும் அச்சமும் ஒருங்கே இருந்ததை முரண் என்பாருளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இவற்றைப் பாடிய ஒவிட்டைக் கி.பி. 8இல் பேரரசர் அகஸ்டஸ் கருங்கடற்கரைத் தோமி நகருக்கு நாடுகடத்தினார். அங்கு நோயுற்றிருந்த நிலையில் மனைவிக்குக் கவிதையாக ஒரு கடிதம் எழுதினார். தமது எலும்புகளைச் சிறு தாழியில் இட்டு உரோமுக்குக் கொண்டுவரச் செய்யும்படி அதிலே வேண்டினார். இறந்த பின்னும் நாடிழந்தவராய்க் கிடக்க அவர் விரும்பவில்லை. அவர் கேட்ட படையலும் பெரிதன்று: அவளது கண்ணீரில் நனைந்த மாலைகள்.

திரும்பிவர அனுமதி கிடைக்கவில்லை. தோமியிலேயே இறந்தார்.