பிரசங்க பீடமும் வாக்குச் சீட்டும்

(கிறித்தவ வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



தேர்தல் வந்தால் மேடை முழங்கும். அது மேடையின் தொழில். பிரசங்க பீடமும் முழங்கலாமா என்பதே எம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி. சட்டம் பயின்றவர் என்ற முறையிலும், வாக்குக் கேட்டுப் படலை படலையாக ஏறி இறங்கியவர் என்ற முறையிலும் விடை கூற நாம் கடமைப்பட்டுள்ளோம்.

அயர்லாந்தின் கோல்வே தொகுதியில் 1872 ஆம் ஆண்டு நடைபெற்ற இடைத்தேர்தலில் நோலன் என்பவர் வெற்றி பெற்றார். தேர்தல் மனுவை விசாரித்த நீதியரசர் கியோ தாமே கத்தோலிக்கர். எனினும், குருமார் வாக்காளரை அச்சுறுத்தினர் எனக் கண்டு தேர்தலைச் செல்லாதாக்கினார். மக்களோ நீதியரசரின் கொடும்பாவியைக் கொளுத்தினர். 1874 இல் அதே நோலனைத் தெரிவு செய்தனர்.

அவ்விடைத்தேர்தல் பகிரங்க வாக்கெடுப்பில் நடந்தது. அதே ஆண்டிலேயே இரகசிய வாக்களிப்புச் சட்டம் வந்தது. இனி அச்சமில்லை என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1892 இல் நடந்தது என்ன? பார்னலின் மறைவுக்குப் பின் ஐரிஷ் தேசியவாதிகள் பிளவுபட்டு நின்ற வேளையில், மீத் மேற்றிராணியார் நல்டியின் சுற்றுமடல் கோவில்களில் வாசிக்கப்பட்டது. பார்னல் கட்சியைப் பற்றி நிற்பது விசுவாசத்துக்கு விரோதமென அது கூறிற்று. வட மீத், தென் மீத் ஆகிய இரு தொகுதிகளின் தேர்தல்களும் செல்லாதாக்கப்பட்டன.

இரகசிய வாக்கு ஏன் காக்கவில்லை? வாக்குச் சாவடியின் மறைப்புக்குள் நிலப்பிரபுவின் கண் நுழையாது. ஆண்டவரின் கண் நுழையும் என்பது விசுவாசியின் நம்பிக்கை. ஆகவே ஆண்டவர் பெயரால் அச்சுறுத்துபவர் வாக்காளரோடு கூடவே உள்ளே செல்கிறார். இதனை உணர்ந்தே 1883 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம், இலௌகிகத் தீங்கோடு ஆன்மீகத் தீங்கையும் சேர்த்து, அவற்றைக் காட்டி மிரட்டுவது தகாத செல்வாக்கு என்றது. 1946 ஆம் ஆண்டின் தேர்தற் கட்டளை வாயிலாக அக்கொள்கை இலங்கைக்கும் வந்தது. 1981 ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், தேர்தற் காலத்தில் சமயக் கூட்டத்தில் வாக்கைத் திருப்பும் நோக்கோடு பேசுவதையும் குற்றமாக்குகிறது.

அப்படியாயின் திருச்சபை வாய் மூடியிருக்க வேண்டுமா? இல்லை. நாத்தான் தாவீது அரசனின் முகத்துக்கு நேரே பேசினார். யோவான் ஸ்நானகன் ஏரோதைக் கண்டித்துத் தலையைக் கொடுத்தார். எம் காலத்தில், 2011 ஆம் ஆண்டு தை மாதம், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அவர்கள், வன்னியில் கணக்கில் வராத 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அரசின் ஆணைக்குழுவின் முன் கேட்டார். அவர் எவருக்கும் வாக்குக் கேட்கவில்லை, உண்மையையே கேட்டார். அதிகாரத்தை நோக்கி நீதி பேசுவது வேறு. வாக்காளனை நோக்கி நரகத்தைக் காட்டுவது வேறு. வயலுக்கு நீர் வேண்டும், வரம்பும் வேண்டும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

குற்றம் குருமாருடையது மட்டுமன்று. அவர்களை நாடிச் செல்பவர் அரசியல்வாதிகளாகிய நாமே. ஒரு தேர்தலின்போது எமது அபேட்சகருக்காக ஆராதனையில் பெயர் சொல்லிச் செபிக்குமாறு ஒரு குருவானவரை நாமும் வேண்டினோம். அவர் மறுத்தார். அந்த ஞாயிறு, போட்டியிட்ட அனைவருக்காகவும், வாக்களிக்கப் போகிறவர்கள் அச்சமின்றி வாக்களிப்பதற்காகவும் செபித்தார். பின்வரிசையில் அமர்ந்திருந்த நாம் வெட்கித் தலைகுனிந்தோம். எமக்குச் சட்டம் தெரியாமலில்லை. வெற்றியின் ஆசை அதை மறைத்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தந்தை செல்வா கிறித்தவர். இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் காங்கேசன்துறை மக்கள் 1947 இல் அவரைத் தெரிந்தெடுத்தனர். 1952 இல் தோற்கடித்தனர். 1956 இல் மீண்டும் தெரிந்தெடுத்தனர். அந்த மக்கள் தத்தம் கோவிலைப் பார்த்தே வாக்களித்திருந்தால் அவர் பாராளுமன்றப் படியை மிதித்திருப்பாரா? பீடத்திலிருந்து வாக்குக் கேட்கும் கிறித்தவர், மற்றவர் தம் சந்நிதியிலிருந்து கேட்கும்போது எந்த முகத்தோடு தடுப்பார்? தொகையிற் சிறிய சமூகத்துக்கே இவ்வழக்கம் பெருங்கேடு.

ஆகவே செபியுங்கள், நாட்டுக்காகவும், எம்மை எதிர்ப்பவர்களுக்காகவும் செபியுங்கள். அநீதியை அநீதி என்று பீடத்திலிருந்தே கூறுங்கள். ஆனால் சின்னத்தின் பெயரை மேடைக்கு விட்டுவிடுங்கள். எம் போன்றோர் வந்து கேட்டால், அந்தக் குருவானவரைப் போல் மறுத்துவிடுங்கள். அதுவே நீங்கள் எமக்குச் செய்யக்கூடிய பேருதவி.