முதுமையின் மறதியும் இளமையின் மயக்கமும்

 

 

ருவான்வெல்லையில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்தபின் சகோதரர் ஒருவர் என்னைப் பள்ளிவாசல் விறாந்தையின் ஓரத்துக்கு அழைத்துச் சென்றார். கடதாசியில் சுற்றிய இரண்டு சிறு பொதிகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ஒன்றிலே கறுத்த லேகிய உருண்டை. மற்றொன்றிலே காய்ந்த இலைத்தூள். "மௌலவி, இந்த உருண்டை வாப்பாவுக்காகத் தெரிந்த ஒருவர் தந்தது. மறதிக்கு நல்லதாம். இந்தத் தூள் என் மகனின் மெத்தைக்கு அடியில் கிடந்தது. இரண்டும் ஒரே செடி என்கிறார்கள். எதை எறிவது, எதைக் கொடுப்பது?" என்று கேட்டார்.

அவருடைய தந்தையாரை நான் சிறுவயது முதல் அறிவேன். இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே பலசரக்குக் கடை நடாத்தியவர். பால் வெட்டும் தொழிலாளர்களுள் யாருக்கு எவ்வளவு கடன் என்பதைக் கொப்பியைப் புரட்டாமலே சொல்வார். அத்தகைய மனிதர் இன்று அஸர் தொழுதோமா இல்லையா என்று மூன்று தடவை கேட்கிறார். மௌத்தாகிப் பல வருடங்களான மனைவியைத் தேநீர் கொண்டுவருமாறு அழைக்கிறார். பேரனோ க.பொ.த. உயர்தரம் படிப்பவன். தூள் கையிலே பிடிபட்டபோது அவன் தலைகுனியவில்லை. "விஞ்ஞானிகள் எலிகளுக்கு இதையே கொடுத்து மூளையை இளமையாக்கியிருக்கிறார்கள், வாப்பா" என்று பதில் சொன்னானாம்.

போதைப்பொருள் பற்றிய மார்க்கத் தீர்ப்பை அன்றே சொன்னேன். ஆனால், அந்தப் பிள்ளையின் வாதத்துக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. தீர்ப்பை மாத்திரம் சொல்லி அனுப்பினால் அவன் தகப்பனுக்கு அஞ்சி மௌனமாவானே தவிர உண்மையை அறியமாட்டான் என்று உள்ளம் உறுத்தியது. எனவே வைத்தியர் ஒருவரிடம் கேட்டும், நூல்களை வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நேயர்களே! அந்தப் பிள்ளை சொன்னது முழுப் பொய்யன்று. உண்மையின் ஒரு துண்டு அது. முழுமையைப் பார்ப்போம்.

கஞ்சாச் செடியில் மயக்கம் தருகின்ற பிரதான பொருளை 1964 ஆம் ஆண்டு ரபாயேல் மெஷூலாம் என்ற இரசாயன ஆய்வாளரும் அவருடைய சகாவும் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினர். டி.எச்.சி. என்று அதனைச் சுருக்கமாக அழைக்கின்றனர். 1988 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அலின் ஹௌலட் அம்மையாரும் வில்லியம் டெவேனும் மூளைக் கலங்களில் அப்பொருள் பொருந்தும் வாங்கிகள் இருப்பதை நிறுவினர். பூட்டுக்குத் திறப்புப் போல இவ்வாங்கிகளுக்கு அப்பொருள் பொருந்தியது. உடனே ஒரு கேள்வி எழுந்தது. மனிதன் புகைக்கப்போகும் ஒரு செடிக்காகவா மூளையிலே பூட்டு வைக்கப்பட்டது? இல்லை. உடலே சுரக்கின்ற ஏதோ ஒரு திறப்பு இருக்கவேண்டும் என்று தேடினார்கள். 1992 இல் மெஷூலாமின் ஆய்வுகூடம் அதனைக் கண்டறிந்தது. வடமொழியின் ஆனந்தம் என்ற சொல்லைக் கொண்டு அதற்கு அனந்தமைட் என்று பெயரிட்டனர். நம் நாட்டாருக்குப் பழக்கமான சொல்லொன்று உலக மருத்துவ நூல்களில் இடம்பிடித்தது இவ்வாறுதான்.

இந்த உட்சுரப்பின் வேலை என்ன? நரம்புக் கலமொன்று மற்றொன்றுக்குச் செய்தி அனுப்புகிறது. செய்தி அளவு மீறி வரும்போது, அதைப் பெறுகின்ற கலம் அவ்விடத்திலேயே இத்தகைய பொருளைத் தயாரித்துப் பின்னோக்கி அனுப்பி, "போதும், குறைத்துக்கொள்" என்று அறிவிக்கிறது. 2001 இல் பல ஆய்வுக் குழுக்கள் இதனை வெவ்வேறாக நிரூபித்தன. வேலை முடிந்ததும் நொதியங்கள் அப்பொருளை விரைவில் சிதைத்துவிடுகின்றன. தேவையான இடத்தில், தேவையான கணத்தில், தேவையான அளவு மாத்திரம். சுப்ஹானல்லாஹ்!

இவ்வாங்கிகள் நிறைந்துள்ள இடங்களில் ஒன்று ஹிப்போகம்பஸ் என்ற பகுதி. புதிய நினைவுகள் பதிவது அங்கேதான். கஞ்சா புகைத்தவன் சொல்லவந்த வாக்கியத்தை நடுவிலே மறந்து திகைப்பதன் காரணம் இதுவே. உடல் ஒரு கணத்துக்கு, ஓரிடத்துக்கு என்று அனுப்பும் சமிக்ஞையை, செடியின் பொருள் மூளை முழுவதற்கும் மணிக்கணக்கில் அனுப்பிவிடுகிறது. தராசின் ஒரு தட்டிலே கல்லை வைத்து அழுத்துவது போன்றது அது.

மறப்பதும் ஓர் அருட்கொடை என்பதை இத்தொகுதி நமக்குக் கற்பிக்கிறது. 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வாங்கிகள் இல்லாத எலிகளால் பழைய பயத்தை விட்டுவிட முடியவில்லை என்று கண்டனர். ஆபத்து நீங்கிய பின்னரும் அவை நீண்டநேரம் அஞ்சி உறைந்து நின்றன. 2016 மே 17 அன்று நமது கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய பேரிடரைக் கண்ட ஒருவர் மழையோசை கேட்கும்போதெல்லாம் நடுங்கிக்கொண்டே இருந்தால் எவ்வாறு வாழ்வது? நிகழ்வு நினைவில் நிற்க, அதன் பயம் மாத்திரம் மெல்லத் தணிவதற்கு மூளைக்குள்ளேயே ஏற்பாடு உண்டு.

நடத்தையையும் மனநிலையையும் இத்தொகுதி தொடுகிறது. உடற்பருமனைக் குறைப்பதற்காக இவ்வாங்கிகளை அடைக்கும் ரிமோனபன்ட் என்ற மருந்து 2006 இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. பசி குறைந்தது, எடையும் குறைந்தது. ஆனால், அதை உட்கொண்டோரில் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் அதிகரித்தமை தெரியவந்ததால் 2008 ஒக்டோபரில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. தூண்டினாலும் கேடு, அடைத்தாலும் கேடு என்றால், அந்தத் தராசு எத்துணை நுட்பமானது என்பதைச் சிந்தியுங்கள்.

இனி, அந்தப் பிள்ளை குறிப்பிட்ட எலிகளின் கதைக்கு வருவோம். ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழகத்தில் அண்ட்ரியாஸ் சிம்மர் தலைமையிலான குழு 2017 இல் வெளியிட்ட ஆய்வு அது. வயது கூடக்கூட மூளையின் இந்த உட்சுரப்புத் தொகுதி தளர்வடைகிறது. இவ்வாங்கிகள் இல்லாமல் பிறந்த எலிகளின் நினைவாற்றலும் விரைவில் மூப்படைகிறது. எனவே, குறைந்ததைச் சிறிதளவு ஈடுசெய்தால் என்ன என்று ஆராய்ந்தார்கள். போதை உண்டாகாத மிகக் குறைந்த அளவு டி.எச்.சி.யை நான்கு வாரங்கள் தொடர்ந்து செலுத்தினர். நிறுத்திச் சில நாட்களின் பின் பரீட்சித்தபோது, 12 மாதமும் 18 மாதமும் ஆன மூத்த எலிகள் ஏறத்தாழ இளம் எலிகளைப் போலவே கற்றன. உண்மை. மறுப்பதற்கில்லை.

ஆனால், அதே ஆய்வின் மறுபாதியை அந்தப் பிள்ளைக்கு எவரும் சொல்லவில்லை. இரண்டு மாத வயதுடைய இளம் எலிகளுக்கும் அதே பொருள் அதே அளவில் கொடுக்கப்பட்டது. அவற்றின் நினைவாற்றல் குன்றியது! முதியதற்கு ஊன்றுகோலானது இளையதற்கு இடறுகட்டையானது. பதினேழு வயதுப் பிள்ளை எந்த ஆய்வைத் தனக்குச் சாட்சியாக அழைத்தானோ, அந்த ஆய்வே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

மனிதர்களிடமும் இளமைக்காலப் பாவனையின் விளைவுகள் ஆராயப்பட்டுள்ளன. சுவீடனில் இராணுவத்துக்குச் சேர்க்கப்பட்ட 45,000 க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 1987 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களிடம் மனச்சிதைவு நோய் ஏற்படும் வீதம், பாவிக்காதவர்களை விட ஆறு மடங்காக இருந்தது. அந்நோய்க்கு வேறு காரணங்களும் உண்டு. புகைத்த எல்லோருக்கும் அது வருவதுமில்லை. ஆயினும் மூளை இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கட்டி முடியாத வீட்டின் தூணை யாராவது அசைத்துப் பார்ப்பார்களா?

அப்படியாயின் முதியவருக்கு அந்த உருண்டையைக் கொடுக்கலாமா? எலியிடம் கண்ட பலன் மறதி நோயுள்ள மனிதரிடம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆய்வுகூடத்தில் செலுத்தப்பட்டது அளந்தெடுத்த தூய பொருள். கடைகளில் மதன மோதகம் என்றும் லேகியம் என்றும் கைமாறும் உருண்டையில் எவ்வளவு இருக்கிறது, வேறு என்ன கலந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. முதியவருக்கு அதனால் தலைச்சுற்றலும், தடுமாறி விழுதலும், குழப்பமும், நெஞ்சுப் படபடப்பும் ஏற்படக்கூடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 65 வயதைத் தாண்டியோர் கஞ்சா காரணமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த வீதம் 2005 இல் ஓர் இலட்சம் வருகைகளுக்குச் சுமார் 21 ஆக இருந்து, 2019 இல் 395 ஆக உயர்ந்தது.

நம் நாட்டில் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம் கஞ்சாவைத் தடைசெய்கிறது. முறைப்படியான ஆயுர்வேத மருந்து தயாரிப்புக்கு இடமுண்டு. அந்த இடைவெளியைத் தங்கள் வியாபாரத்துக்கு வாசலாக்கிக்கொண்டவர்கள்தாம் பாடசாலைப் பிள்ளைகளின் கையிலும் உருண்டையைத் திணிக்கிறார்கள்.

மார்க்க அறிஞர்களுக்கு இது புதிய பிரச்சினையன்று. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டிலேயே ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் பத்ருத்தீன் அஸ்ஸர்கஷீ அவர்கள் ஹஷீஷ் எனப்படும் இதே செடி தடுக்கப்பட்டது பற்றித் தனி நூல் எழுதினார்கள். மார்க்கம் காப்பாற்ற வந்த ஐந்து அடிப்படைகளில் புத்தியும் ஒன்று. தொழுகையும் நோன்பும் கொடுக்கல் வாங்கலும் அதன் மீதே நிற்கின்றன. மருந்து என்பது வேறு வாசல். நம்பிக்கைக்குரிய வைத்தியர், வேறு மாற்றில்லாதபோது, அளந்து தருவது பற்றி இமாம்கள் தனியாகப் பேசியிருக்கிறார்கள். கடைக்காரரின் உருண்டை அந்த வாசலால் நுழைய முடியாது.

ஆகவே, அந்தச் சகோதரரிடம் இரண்டையும் எறியச் சொன்னேன். ஆனால், எறிவது பாதி வேலைதான். "வாப்பாவை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றும் சொன்னேன். மறதி என்றால் எல்லாம் வயதின் செயலென்று விட்டுவிடலாகாது. விற்றமின் பீ 12 குறைபாடு, தைரொயிட் சுரப்பிக் கோளாறு, மனச்சோர்வு, காது மந்தம், சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் மறதி உண்டாகும். இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. பரிகாரமில்லாத மறதியாயின் அதற்கும் பொறுமையான பராமரிப்பு உண்டு. அறிந்தவற்றையெல்லாம் அறியாமற்போகும் தள்ளாத பருவத்தை அருள்மறை நமக்கு நினைவூட்டுகிறது. நபி (ஸல்) அவர்கள் அதிலிருந்து பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். புத்தி நீங்கியவரை மார்க்கம் குற்றம் பிடிப்பதில்லை. அப்படியிருக்க, பிள்ளைகளாகிய நாம் அவரிடம் எரிந்து விழலாமா?

அந்தப் பேரனுடனும் உட்கார்ந்து பேசினேன். ஆய்வின் இரு பாதிகளையும் சொன்னேன். நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இரண்டாவது பாதி எனக்குத் தெரியாது, மௌலவி" என்றான். ஓடுவதும் சைக்கிள் மிதிப்பதும் அனந்தமைட்டை உடலிலேயே உயர்த்துகின்றன என்று 2003 இல் கண்டறிந்திருப்பதையும் கூறினேன். முதன்முறையாகச் சிரித்தான். ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். இடையில் ஒருமுறை தவறினான் என்று தந்தை வருந்தினார். மீண்டும் பேசினோம். பெரியவரின் பரிசோதனையில் விற்றமின் குறைபாடு தெரியவந்து ஊசி போட்டார்கள். சற்றுத் தெளிவு கிடைத்ததே தவிர மறதி முற்றாக நீங்கவில்லை.

இப்போது மஃரிபுக்குப் பேரனே அவரைக் கைபிடித்து அழைத்துவருகிறான். எத்தனை ரக்அத் என்று அவர் தடுமாறுவதால் ஸப்பில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறான். தொழுது முடிந்து வரும் வழியில் பழைய கடைக் கணக்குகளைக் கேட்கிறான். இன்று காலை அருந்திய தேநீரை மறந்த அந்த மனிதர், ஐம்பது வருடங்களுக்கு முந்திய கடன்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்.

நேயர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருக்கலாம். ஓர் இளைஞன் இருக்கலாம். ஒருவரிடமிருந்து நழுவிக்கொண்டிருக்கும் அமானிதத்தை மற்றவர் தன் கையாலேயே எறிந்துவிடாதிருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரையும் ஒருவருக்கொருவர் துணையாக்குங்கள். நமது புத்தியையும் நம் சந்ததியின் புத்தியையும் வல்ல அல்லாஹ் பாதுகாத்தருள்வானாக! ஆமீன்.